பேசிப் பேசிக் குடி நிற்குமா?

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு 41 வயது, நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார், பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குடி. இரண்டு முறை ஒரு தனியார் குடி மீட்பு மையத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தார். வந்த சில வாரங்களில் பழையபடி ஆகிவிட்டது. போன வைகாசியில் சகோதரியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைக்க வேண்டிய நேரத்தில் அவரால் நேராக உட்காரவே முடியவில்லை. சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்தி முடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை, பகலில் தெருவில் தலை காட்டுவதில்லை, குடி மட்டும் கூடியிருக்கிறது. "ஏற்கெனவே கூனிக் குறுகிக் கிடப்பவரை, முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கிளறினால் இன்னும் மோசமாகாதா? வெறும் பேச்சில் குடி நிற்குமா?" என்பது கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் கவுன்சலிங் பலன் தருமா என்று கேட்கிறார். உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. வெட்கமே இல்லாத ஆள் என்றால் விட்டுவிடலாம். இவருக்கோ தாங்க முடியாத வெட்கம் இருக்கிறது, அப்புறமும் ஏன் நிறுத்தவில்லை? இதற்குத்தான் நீட்டிப் பதில் சொல்லப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. சமூகப் பணியில் மனநலப் பிரிவு படித்துவிட்டு, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் குடிநோயாளிகளோடும் அவர்கள் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவதே வேலையாக இருப்பவன். மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை, உங்கள் அண்ணனை நேரில் பார்த்ததும் இல்லை. அவருக்கு இன்னது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சந்தேகமே இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவரைப் பேச்சால் நிறுத்த முடியாது. வீட்டிலேயே சட்டென்று நிறுத்தச் சொல்வது ஆபத்து. வருஷக்கணக்கில் சரக்கின் அமுக்கத்துக்கு எதிராக மூளை தன்னை முறுக்கிவைத்துப் பழகியிருக்கும். அமுக்கம் திடீரென்று விலகினால் முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணில் படும், இடம் பொழுது தெரியாமல் போகும். இந்தக் கடைசி நிலை உயிரை எடுக்கக்கூடியது. ஆஸ்பத்திரியில் வைத்தால் குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்து, கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமினையும் ஏற்றி இந்தக் கண்டத்தைத் தாண்டவைப்பார்கள். வைட்டமின்தானே என்று அலட்சியம் வேண்டாம். அது குறைந்துபோய், பெற்ற பிள்ளையின் பெயரை நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்திருக்கிறேன்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று நம் பக்கத்தில் சொல்வதை நான் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். ராத்திரி பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யும்போது உடம்பில் சரக்கு இருக்கிறது, நடுக்கம் இல்லை. அந்த அழுகை பெரும்பாலும் நிஜம். விடியற்காலை நாலு மணிக்குச் சரக்கு இறங்கிவிடும். அந்த நாலு மணி உடம்பைக் கலந்துகொண்டு அவர் சத்தியம் செய்யவில்லை.

சரி, வெட்கத்துக்கு வருவோம். நம் ஊரில் ஒரு நம்பிக்கை: சூடு சொரணை இருந்தால் திருந்துவான். அதனால் சொரணையை ஊட்டுவதற்கு எல்லோரும் பாடுபடுகிறார்கள். மாமனார் பத்துப் பேர் எதிரில் கேட்கிறார், பஞ்சாயத்தில் நிறுத்துகிறார்கள், பெற்ற அம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறாள். இதற்கெல்லாம் பலன் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வேலையே இருந்திருக்காது. அமெரிக்க உளவியலாளர் ஹெலன் லூயிஸ் 1971-இல் ஒரு வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்வு, செய்த செயலைப் பார்க்கிறது; வெட்கம், செய்த ஆளையே பார்க்கிறது. காதுகுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "அன்னைக்கு நான் செஞ்சது பெரிய தப்பு" என்று மட்டும் உங்கள் அண்ணனுக்குத் தோன்றியிருந்தால், ஒரு வாரம் கழித்தாவது கையில் ஒரு ஜோடித் தோட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். "தாய்மாமன்னு உக்காரவே தகுதியில்லாதவன் நான்" என்று தோன்றியதால்தான் வாசலை மிதிக்கவில்லை. செய்ததைச் சரிசெய்ய வழி உண்டு. தான் இருப்பதே தப்பு என்று நினைப்பவருக்குத் தன்னை மறப்பது ஒன்றுதான் வழி, அதற்கு மிகச் சுலபமான சாமான் எந்தக் கடையில் கிடைக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. ஜூன் டாங்னியும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் வெட்கத்துக்கு ஆட்படுபவர்களிடம் குடி, போதைப் பிரச்சினைகள் கூடுதலாகவும், குற்ற உணர்வுக்கு ஆட்படுபவர்களிடம் குறைவாகவும் தென்பட்டன. கனடாவில் 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வு என்னை ரொம்பவே யோசிக்கவைத்தது. புதிதாகக் குடியை விட்டவர்களிடம், கடைசியாகக் குடித்த சம்பவத்தைச் சொல்லச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சொல்லும்போது தோள் சுருங்கி நெஞ்சு குறுகியவர்கள்தான் அடுத்த சில மாதங்களில் மறுபடி குடிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. எவ்வளவு குறுகினார்களோ அவ்வளவுக்குக் குடித்த அளவும் கூடியது. வாயால் "வெட்கமாக இருக்கிறது" என்று சொன்னதைவிட உடம்பு சொன்னதே சரியாகப் பலித்தது. ஆனால் இதிலிருந்து வெட்கம்தான் குடிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. குடியால் வெட்கமும் வருகிறது. இரண்டுக்கும் அடியில் மனச்சோர்வோ சின்ன வயதில் பட்ட அடியோ இருக்கலாம். ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பது வரைதான் நான் உறுதியாகச் சொல்வேன்.

அந்த அறையில் என்னதான் நடக்கிறது என்று பயப்படுகிறீர்கள் அல்லவா, அதைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாளடி அறுப்பு முடிந்த ஒரு மாசி மாதத்தில் ஒருவர் மனைவியோடு வந்தார். மனைவி இருபது நிமிஷம் பேசினார், எல்லாம் உண்மை. இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். அந்த அம்மாவை வெளியே போய் ஒரு டீ சாப்பிட்டு வரச் சொல்லிவிட்டு, "குடிக்கிறதுல உங்களுக்கு என்ன நல்லது கிடைக்குது?" என்று கேட்டேன். துண்டு மடிப்பது நின்றது. கிண்டல் பண்ணுகிறேனோ என்று பார்த்தார். அப்புறம் மெதுவாக, "தூக்கம் வருது சார். கால் குடைச்சல் தெரியல" என்றார். கொஞ்சம் விட்டு, "அங்க யாரும் என்னைய ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். கெடுதலை நான் கேட்கவே இல்லை. அதை அவரே அடுத்துச் சொல்ல ஆரம்பித்தார், மனைவி சொன்னதைவிட நீளமாக.

இது என் தந்திரம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறை. குடியின் கெடுதலை நாம் அடுக்க அடுக்க, எதிரில் இருப்பவரின் வாய் குடிக்காக வாதாடத் தொடங்கும். வாதாட வாதாட அவருக்கே அது நிஜமாகிவிடும். நிறுத்துவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வரவேண்டும், நமக்கு அதைக் கேட்கக் காது வேண்டும். கேட்கச் சுலபம். எனக்கு வாயை அடக்கவே மூன்று நான்கு வருஷம் பிடித்தது. புத்தி சொல்வது நம் ரத்தத்தில் ஊறியது.

நான்காவது தடவை வந்தபோதுதான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். அம்மா படுக்கையில் இருந்தபோது, மருந்துக்கு என்று சொல்லி அவள் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கி அடகு வைத்து, பாதிப் பணத்தைக் குடித்துவிட்டார். மீட்கவில்லை. ஒன்றரை மாதத்தில் அம்மா போய்விட்டாள். மூளிக் காதோடு தூக்கினார்கள். குளிப்பாட்டும்போது யாரோ ஒரு பெரியம்மா, "காதுல ஒண்ணுமில்லாம அனுப்புறீங்களே" என்று கேட்டாளாம். ஆறு வருஷமாக அந்த ஒரு வாக்கியம். இதற்கு "பரவாயில்லை, விடுங்க" என்று சொன்னால் அது பொய், அவருக்கும் தெரியும். நான் சும்மா இருந்தேன். பிறகு, அந்த நினைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வேற என்ன சார், போயி ஒரு குவாட்டர் சொல்லுவேன்" என்றவர், சொன்னதைத் தானே கேட்டதுபோல் நிறுத்தினார். அம்மாவின் தோட்டைக் குடித்த வெட்கத்துக்காக ஆறு வருஷமாகக் குடித்துக்கொண்டிருந்ததை அவரே கண்டுகொண்ட இடம் அது. நான் அதை விளக்கியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்.

கிளறினால் மோசமாகாதா என்று கேட்டீர்கள். ஆகலாம், அவசரப்பட்டால். முதல் நாளே "மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டிடுங்க" என்று சொல்பவரிடம் எனக்குப் பயம். 2012-இல் ஜேசன் லுவோமாவும் மற்றவர்களும், 28 நாள் உள்தங்கும் சிகிச்சையில் இருந்த 133 பேரை வைத்து, வெட்கத்தைக் குறிவைத்த ஆறு மணி நேரக் குழுப் பயிற்சி ஒன்றைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு வெட்கம் உடனே பெரிதாகக் குறையவில்லை. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அதைவிட வேகமாகக் குறைந்தது. ஆனால் நாலு மாதம் கழித்துப் பார்த்தால், மெதுவாகக் குறைந்தவர்கள்தான் குறைவான நாட்கள் போதையில் இருந்தார்கள், சிகிச்சைக்கும் ஒழுங்காக வந்தார்கள். ஒரே ஒரு ஆய்வு, அதிக எடை போட வேண்டாம். ஆனால் நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் அன்றைக்கே கடைமடைக்கு வந்துவிடாது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாப் பேச்சும் இப்படி ஆழத்தில் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாதிக்குமேல் மிகச் சாதாரணமான வேலை. நாச்சியார்கோவில் பக்கம் குத்துவிளக்குப் பட்டறையில் வார்ப்பு வேலை செய்தவர் ஒருவர், சனிக்கிழமை கூலி. ஒரு தாளைக் கொடுத்து, பட்டறையிலிருந்து வீடு வரை வழியை வரையச் சொன்னேன். பட்டறை, சைக்கிள் கடை, டீக்கடை, மதகு, மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கூட்டாளிகள், பிறகு கடை. எந்த இடத்தில் முடிவாகிறது என்று கேட்டேன். கடை வாசலில் என்றார். யோசித்துவிட்டு மதகில் என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்து, மதியம் சாப்பிடாமல் உலைச் சூட்டில் நின்று, மூன்று மணிக்குப் பசி அடங்கிப்போகும்போதே முடிவாகிவிடுகிறது என்றார். அப்படியானால் மூன்று மணிக்குச் சோறு. சனிக்கிழமை ஐந்து மணிக்கு மகன் பட்டறைக்கே வந்து நிற்பது. கூலி மனைவி கையில். மதகு வழியை விட்டு அக்கரை வழி. அடக்க முடியாத ஏக்கம் எழுந்தால், அது அலைபோல ஏறிப் பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த அரை மணியை எங்கே கழிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வது. இவ்வளவுதான். இதற்கும் உளவியலில் பெரிய பெயர் உண்டு. அவருக்கு அது "மூணு மணிச் சோறு".

வழுக்கி விழுவதைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. கோயிலில் கயிறு கட்டுவதும் மாலை போடுவதும் நம் பக்கத்துப் பழக்கம். படித்தவர்கள் சிலர் இதைக் கேலி செய்வார்கள், நான் செய்ய மாட்டேன். ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தவர்களை ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்க்கிறேன். அது எப்படி முடிகிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். பக்தி ஒரு பங்கு, சரி. ஆனால் மாலை போட்ட அன்றிலிருந்து ஊரே அவரைச் "சாமி" என்கிறது. மனைவி சாமி என்கிறாள், டீக்கடைக்காரர் "சாமிக்கு ஒரு டீ" என்கிறார், நேற்றுவரை வாடா போடா என்றவர்கள் விலகி வழி விடுகிறார்கள். அந்த நாட்களில் அவருக்குக் குறுகி நிற்க அவசியமே இல்லை. மாலையைக் கழற்றியதும் பழைய பெயர் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது, இரண்டு நாளில் பழைய குடியும். என் பார்வையில், நல்ல சிகிச்சை செய்வது அந்த "சாமி"யில் ஒரு பங்கை மாலை இல்லாத நாளுக்கும் நீட்டுவதைத்தான்.

கயிற்றில் இருக்கும் சிக்கல் வேறு. அது அறுந்தால் என்ன செய்வது என்று கயிறு சொல்லித் தருவதில்லை. ஒரு கல்யாணத்தில் யாரோ ஊற்றிக் கொடுத்த ஒரு கிளாஸ் உள்ளே போனதும், "சாமிக்கே துரோகம் பண்ணிட்டேன், இனி என்ன" என்று ஒரு வாரம் எழாமல் குடிப்பார்கள். உளவியலாளர் ஆலன் மார்லட், 1985-இல் ஜூடித் கார்டனோடு சேர்ந்து எழுதியபோது, இந்த "எல்லாம் போச்சு" நினைப்பைத் தனியாகப் பெயரிட்டே விவரித்தார். முதல் கிளாஸ் ஒரு சறுக்கல். அதை முழு வீழ்ச்சியாக்குவதில் அதன்மேல் வரும் வெட்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் சறுக்கினால் மறுநாள் காலை யாருக்குப் போன் செய்வது, எங்கே போவது என்பதை நல்லபடியாக இருக்கும்போதே எழுதிவைக்கச் சொல்கிறோம். "அப்படின்னா குடிக்க நீங்களே வழி சொல்லித் தர்றீங்களா?" என்று ஒரு மாமியார் என்னிடம் சண்டைக்கு வந்தார். பரிசலில் மிதவை வைத்திருப்பது முழுகுவதற்காகவா என்று கேட்டேன். சமாதானம் ஆகவில்லை அவர்.

தனியாகப் பேசுவதைவிடக் கூட்டம் சிலருக்கு ஒத்துவரும். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. காசு வாங்க மாட்டார்கள். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். நம் ஊரில் குடிகாரன் என்பது வசவு, குடிநோயாளி என்பது நிலைமை. தான் செய்த அசிங்கத்தை ஒருவர் சொல்ல, எதிரே இருக்கும் பத்துப் பேரும் தலையாட்டும் அந்தக் காட்சி, நான் ஆறு மாதம் பேசியும் செய்ய முடியாததை ஒரு சாயங்காலத்தில் செய்ததைப் பார்த்திருக்கிறேன். கடவுள் பேச்சு வருவதால் சிலருக்குப் பிடிக்காது, அவர்களைக் கட்டாயப்படுத்திப் பயனில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் குடிநோயாளிகளுக்காகத் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1980-களின் கடைசியிலிருந்து நம் டெல்டாவில் மஞ்சக்குடியில் கிராம முகாம்கள் நடத்தியது. ஊருக்குள்ளேயே, ஊராரின் ஒத்தாசையோடு, குடும்பத்தையும் சேர்த்துவைத்துப் பதினைந்து நாள் சிகிச்சை. ஊர் முழுக்க ஏசிய ஆளுக்கு அதே ஊர் சோறு போட்டு உட்காரவைத்தால் அவர் முதுகு எப்படி நிமிர்கிறது என்பதை அந்த முறையிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

இதற்கெல்லாம் ஆதாரம் எவ்வளவு? கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கேடு தரும் அளவுக்குக் குடித்த 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள்; அதிகம் போனால் நாலு அமர்வு. மூன்று மாதம் கழித்து, பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் அபாய அளவிலிருந்து இறங்கியிருந்தார்கள், மற்றவர்களில் 26 சதவீதம். வித்தியாசம் மலைபோல இல்லை, ஆனால் நிஜமானது. ஒன்றை மறைக்கக் கூடாது: முற்றிய அடிமை நிலையில் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. உங்கள் அண்ணன் போன்றவருக்கு நாலு அமர்வு போதும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எந்த வகைப் பேச்சு சிகிச்சை உசத்தி என்ற சண்டைக்கு, 1997-இல் முடிவு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 1,726 பேரை வைத்து விடை தேடியது. மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய மூன்றும் ஒரே அளவு பலன். அதனால் முறையின் பெயரை விசாரிக்க மெனக்கெட வேண்டாம். எதிரில் இருப்பவர் கேட்கத் தெரிந்தவரா என்று பாருங்கள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் ஏக்கத்தைக் குறைக்க ஓரளவு உதவும். அது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது.

சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டியிருக்கும் "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" விளம்பரங்கள் பக்கம் போகாதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்பிராம் போன்ற மருந்து இருந்து, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்தே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்தது பிறகு தெரியவந்தால், வீட்டில் யாரையும் நம்ப முடியாது என்ற ஒரு காரணமும் அவருக்குக் கிடைத்துவிடும்.

உங்கள் அண்ணன் இருந்த மையத்தைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. "இனி எங்கேயும் வரமாட்டேன்" என்று அவர் சொல்வதை வைத்து ஒன்று கேட்கிறேன்: அங்கே அவரை அடித்தார்களா, பூட்டிவைத்தார்களா? இதற்கு அவர் உங்களிடம் பதில் சொல்லியிருக்க மாட்டார், அதுவும் ஒரு வெட்கம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, குடி, போதை சார்ந்த நிலைகளையும் உள்ளடக்கியது. இப்படிப்பட்ட இடங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், சங்கிலி போடக் கூடாது, கொடுமையாக நடத்தக் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாதக்கணக்கில் குடியிலிருந்து பிரித்து வைத்ததில் உடம்பு சுத்தமாகியிருக்கும். ஆனால் மூணு மணிச் சோற்றையோ மூளிக் காதையோ பற்றி யாராவது அவரிடம் பேசினார்களா என்பது எனக்குச் சந்தேகம். எய்ம்ஸ் நடத்திய 2019 தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைத்திருக்கிறது. கிடைத்த அந்த ஒருவருக்கும் அது அடியும் பூட்டுமாக அமைந்துவிட்டால் மறுபடி எப்படி வருவார்?

அவர் வரமாட்டார் என்றால் நீங்கள் போங்கள். இதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு மறுத்தவர்களின் 130 குடும்பத்தாரை மூன்றாகப் பிரித்தார்கள். குடிக்காத நேரத்தில் நன்றாக நடத்துவது, குடித்த நேரத்தில் விலகிக்கொள்வது, எந்த வேளையில் எப்படிப் பேச்செடுப்பது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்த பிரிவில் 64 சதவீதம் பேரின் ஆட்கள் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி நேருக்கு நேர் கேட்டு மடக்கும் முறையில் 30 சதவீதம். நம் ஊருக்கு அந்த எண்ணிக்கை அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் விலகினால் இன்னொருவர் காசு கொடுத்துவிடுவார், பார்த்திருக்கிறேன். ஆனால் திசை சரி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; கும்பகோணம் அரசு மருத்துவமனையிலும் முதலில் விசாரித்துப் பாருங்கள். போனில் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416, போதை மீட்புக்கான தேசிய எண் 14446, இரண்டும் இலவசம்.

ஒரு விஷயத்தை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வெளியே வராமல், குடி கூடி, யார் முகத்தையும் பார்க்காமல் இருப்பவர் "நான் இருந்து என்ன" என்ற மாதிரி ஏதாவது சொல்கிறாரா என்று அண்ணியிடம் கேளுங்கள். நேரடியாக அவரிடமே கேட்பதில் தவறில்லை, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பேச்சு சிகிச்சைக்கு வந்து தேறாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஈரல் கெட்டு நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனவர்கள் உண்டு. அந்தத் தோட்டுக்காரர் இப்போது நாலு வருஷமாக வருகிறார். அதில் இரண்டு முறை சறுக்கினார், இரண்டாவது முறை மறுநாள் காலையே வந்து நின்றார். அம்மா விஷயத்தைத் தன் அக்காவிடம் போய்ச் சொன்னாராம். "அடகுச் சீட்டை அப்பவே உன் சட்டைப் பையில பாத்துட்டேன்டா" என்றாளாம் அக்கா. ஆறு வருஷம் ஒளித்துவைத்தது ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

காதுகுத்தைப் பற்றி அவரிடம் வாயே திறக்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் எல்லோரும் முடிவெடுத்திருப்பீர்கள். நான் நீங்களாக இருந்தால் திறப்பேன், ஒரே ஒரு முறை, அவர் நிதானத்தில் இருக்கும் வேளையில், வேறு யாரும் இல்லாதபோது. கோபம் இருந்தால் கோபம் என்றே சொல்லுங்கள். அது செயலின் மேல் உள்ள கோபமாக இருக்கட்டும். "அன்னைக்கு எனக்கு ரொம்பக் கோவம்ண்ணே. ஆனா பாப்பா மாமா எங்கன்னு கேக்குறா" என்பது போல, உண்மையாக இருந்தால் மட்டும். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து வந்துவிடுங்கள், சத்தியம் எதுவும் வாங்காதீர்கள். அவர் என்றைக்கு வர ஒப்புக்கொள்கிறாரோ அன்றைக்கு, கடைசியாக எத்தனை மணிக்கு என்ன அளவு குடித்தார், முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்ற இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதுதான்.